சில்வர் பெயிண்ட் அடித்த செயின்

அடுகோடி, பெங்களூர்
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

என் அன்பு ஜூலிம்மாவுக்கு, அம்மா பிரிஜெட் எழுதுவது. அந்தோனியார் தயவில் நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை கில்பர்ட்டும் அந்தக் கனடா குளிரில் கை கால் விறைக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். வாராவாரம் வீடியோ காலில் மூஞ்சியைப் பார்க்கிறோமே, இப்போது என்ன திடீரென்று காகிதம் என்று நீ முழிப்பாய். காரணம் இருக்கிறது. போன் வந்தால் உங்கப்பா என் தோள் மேல் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தனியாகப் பேசலாம் என்று சமையலறைக்குப் போனாலும் ஹாலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஆறு அடிதான், நான் மூச்சு விட்டாலே அவருக்குக் கேட்கும். மாடி வீட்டு நிருபமா லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஊர்ப் பக்கம் கிளம்புகிறாள், பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பப் போகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போது முதலில் ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தி வை, பிறகு இதைப் படி, எண்ணெய் இறங்கிவிட்டால் என் எழுத்து உனக்குக் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். ஓசூர் ரோடு கல்லறைக்குப் போய் உன் தாத்தா கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். ஸ்ரீராம்புரத்திலிருந்து உன் அத்தை அன்னம்மாளும் வந்திருந்தாள், மூட்டு வலியோடு ரெண்டு பஸ் மாறி வந்தாளாம், அதை வந்தவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். வழக்கமாக அப்பாதான் கல்லறையைத் தேய்ப்பார், யாரையும் தொட விடமாட்டார், பல் விளக்குகிற பிரஷ் வைத்து எழுத்துக்கு எழுத்து அழுக்கு எடுக்கிற ஆள். இந்தத் தடவை வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அன்னம்மாள் அவரைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக இழுத்து, ஏன் தம்பி இப்படித் துரும்பாகிவிட்டான், நீ சோறு போடுகிறாயா இல்லையா என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும். அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் உன்னிடம் ஒரு பொய் சொன்னோம். அக்டோபர் ரெண்டாம் வாரத்தில் நீ போன் பண்ணினபோது வண்டி ஏன் யார்டிலேயே நிற்கிறது என்று கேட்டாய், டயர் பஞ்சர், ரெண்டு டயர் மாற்ற வேண்டும் என்று அப்பா சொன்னார், நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பஞ்சரும் இல்லை ஒன்றும் இல்லை. ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அல்சூரில் பில்டிங்குக்குப் பள்ளம் தோண்டின ஒரு பொக்லைனை அத்திப்பள்ளியில் கொண்டு போய் இறக்க வேண்டும் என்று லோடு வந்தது. பெரிய மிஷின், இருபது டன்னுக்கு மேல். பகலில் மிஷின் ஏற்றுகிற நம் லோபெட் வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும், அதனால் நாலு மணிக்கே கிளம்பிப் போனார். உனக்குத் தெரியாததா, ஆனாலும் அன்றைக்கு என்னென்ன செய்தார் என்று எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. மிஷினின் சக்கரப் பட்டையில் ஒட்டியிருந்த சேற்றையெல்லாம் கம்பியால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறார், சேறு இருந்தால் காய்ந்து உதிர்ந்து மிஷின் வழுக்கும் என்பாரே அதற்காக. பலகை மேல் ஏற்றி, நடு மையம் பார்த்து நிறுத்தி, முன்னால் இருக்கிற கையை இறக்கி பக்கெட்டைக் கட்டை மேல் உட்கார வைத்திருக்கிறார். நாலு மூலைக்கு நாலு செயின், முன் ரெண்டும் முன்னால் இழுக்கிற மாதிரி, பின் ரெண்டும் பின்னால் இழுக்கிற மாதிரி. ஒவ்வொன்றிலும் பைண்டர் போட்டுப் பிடியை அழுத்தி இறுக்கி, பிடி தெறித்து எழும்பாமல் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறார். கட்டி முடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டினதும் லோடு உட்கார்ந்து செயின் தொய்யும், அதனால் நிறுத்தி இன்னொரு தரம் இறுக்க வேண்டும் என்று நீயும் சொல்வாய், அவரும் முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். அன்றைக்கும் நம் தெரு முனையில் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நாலு பைண்டரையும் பார்த்து இறுக்கினார். நான் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தெரு விளக்கில் அந்த நாலு செயினும் பளபளவென்று மின்னின. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

மடிவாளா தாண்டி ஒரு இறக்கம் வருமே, அங்கே முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அப்பா பிரேக் அடித்தார். வலது பின் மூலைச் செயின் துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்தது. மிஷினின் பின்பக்கம் முக்கால் அடி திரும்பி நின்றுவிட்டது, மீதி மூன்று செயின்தான் பிடித்தது. அறுந்த முனை சாட்டை மாதிரி வீசி ஓரத்தில் இருந்த போர்டு கம்பத்தில் அடித்து, கம்பம் வளைந்துவிட்டது. அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் மார்க்கெட்டிலிருந்து பூக்கூடை வைத்துக்கொண்டு மொபெட்டில் வந்த ஒரு மனுஷர், வயசானவர், பயத்தில் வண்டியோடு விழுந்தார். ரோடெல்லாம் கனகாம்பரமும் மல்லிகையும். ஒரு கீறல் கூட இல்லை அவருக்கு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஒரு முழம் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அப்பா இறங்கி ஓடிப் போய் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ரோட்டில் முழங்கால் போட்டு ஒவ்வொரு பூவாகப் பொறுக்கியிருக்கிறார். அந்த மனுஷர்தான் இவருக்குத் தைரியம் சொன்னாராம். “ஹோக்லி பிடி சார், ஜீவ உளித்தல்ல” என்றாராம் கன்னடத்தில், போகட்டும் விடுங்க, உயிர் தப்பியதே என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா சட்டைப் பையில் கசங்கின மல்லிகை இருந்தது. என்ன ஏது என்று கேட்டதற்கு ரெண்டே வார்த்தைதான் சொன்னார். “கை போச்சு.” கையில் அடியோ என்று நான் பதறிப் பிடித்துப் பார்த்தேன், அடி இல்லை. இத்தனை வருஷம் லோடு கட்டின கை இனிமேல் உதவாது என்று சொல்கிறார்.

மிஷின்காரரிடமும் போலீஸிடமும், செயினைச் சரியாகப் பார்க்காமல் போட்டது என் தப்பு என்று அவரே சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து ஒரு லோடு எடுக்கவில்லை. காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு பொம்மனஹள்ளி யார்டுக்குப் போகிறார், சாயங்காலம் வருகிறார், அங்கே என்ன செய்கிறார் என்று சொல்வதில்லை. முந்தாநாள்தான் சேதி தெரிந்தது, வண்டியை ப்ரஹ்லாத் அண்ணாவுக்குக் கொடுத்துவிடுகிறாராம். யார்டில் நமக்கு அடுத்த ஷெட்டில் மூன்று வண்டி நிறுத்தியிருக்கிறாரே, உனக்குச் சின்ன வயசில் கடலை மிட்டாய் வாங்கித் தருவாரே, அவருக்குத்தான். வெள்ளிக்கிழமை கையெழுத்து. முன்கண்ணாடி மேல் ‘ஜூலியா’ என்று உன் பேர் எழுதின வண்டி. பேரை அழிக்காமல் ஓட்டுகிறேன் என்று ப்ரஹ்லாத் சொன்னாராம், அதைச் சொல்லும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகவே ஜூலிம்மா, நீ நல்லபடியாகப் பேசி, இது எங்கேயும் நடக்கிறதுதான், கனடாவில் நானே தினம் பார்க்கிறேன், வண்டியைக் கொடுக்காதீங்க அப்பா என்று சொன்னால் கேட்பார். லோடு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறவள் நீ, உன் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு இருக்கிறது.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தேன். மூன்று பக்கம் எழுதிவிட்டு அசல் விஷயத்தை எழுதாமல் ஓட்டியிருக்கிறேன். எழுதிவிடுகிறேன். ஜூனில் நீ வந்திருந்தபோது ஒரு நாள் யார்டுக்குப் போய் எல்லாச் செயினையும் எடுத்துப் பார்த்தாயே. அதில் ஒன்றில் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணியில் மயிரிழை மாதிரி விரிசல் இருந்தது என்று கையில் பெயிண்ட் இல்லாமல் உன் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பாக அடையாளம் போட்டுவிட்டு வந்தாய். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் அப்பாவிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாய், சிவப்பு இருக்கிறதை எடுக்காதீங்க என்று. நான் முற்றத்தில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அப்பா அந்தச் செயினைத் தனியாக, ஷெட் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டி வைத்தார், கொக்கியைக் கழற்றிப் புதுக் கண்ணி போட்டுக்கொள்ளலாம் என்று.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் யார்டுக்குப் போனேன். நம் யார்டில் அன்றைக்கு எல்லோருக்கும் திருவிழாதான் என்பது உனக்குத் தெரியும், ப்ரஹ்லாத் வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டுவார், பக்கத்தில் நம் வண்டியில் நான் அந்தோனியார் படத்துக்கு மாலை போடுவேன், பூசணிக்காய் மட்டும் பொதுவில் ஒன்று உடைப்பார்கள். ப்ரஹ்லாத் இந்த வருஷம் மூன்று வண்டிக்கும் புதுப் பெயிண்ட், ரிப்பன், சீரியல் லைட்டு என்று அமர்க்களம் பண்ணியிருந்தார். நம் வண்டி பக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் பழைய புடவையில் வந்தவள் மாதிரி நின்றது. செயினெல்லாம் துரு. எனக்குத் துருவைக் கண்டாலே ஆகாது, கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையில் துருக்கறை தேய்த்தே என் கை பாதி தேய்ந்தது. அப்பா ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். கடையில் ஒரு டப்பா சில்வர் பெயிண்டும் தின்னரும் வாங்கி வந்து, எல்லா ஆணியிலிருந்தும் எல்லாச் செயினையும் இறக்கி, தின்னர் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியாகப் பெயிண்ட் அடித்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த செயினையும் எடுத்தேன். துடைக்கும்போது துணியில் சிவப்பாக வந்தது. அது உன் நகப்பூச்சு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது ஜூலி. எதற்கோ போட்டாளே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷம் ப்ரஹ்லாத் சம்சாரம் காபி கொண்டு வந்தாள், பேச்சில் விட்டுவிட்டேன். காய்ந்ததும் நல்ல நாலோடு அதையும் சேர்த்து ஐந்தையும் ஒரே ஆணியில் மாட்டினேன். பூஜை அன்று எல்லோரும் பார்த்துவிட்டு, அக்கா வெள்ளிச் செயின் மாதிரி இருக்கே என்றார்கள். அப்பாவும் சிரித்தார்.

ஒரு மாதமாக இதை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். கை போச்சு, கை போச்சு என்று அவர் சொல்லும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறப்பேன், குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்பேன். ரெண்டு ஞாயிறு பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சாமியாரிடம் கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவத்தையெல்லாம் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டு வந்தேன். உனக்கு எழுதினால் நீ ஒரு வழி சொல்வாய் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், நிருபமா கிளம்புவது வியாழன், உன் கைக்கு வருவது சனி, கையெழுத்து வெள்ளி. நீ சொல்ல வேண்டியதை நான்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கேட் சத்தம் கேட்கிறது, அப்பா வந்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம்

சொல்லிவிட்டேன். நேற்று அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் டீயைக் கையில் கொடுத்தேன். ஆற்றிக் குடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன், அப்படி நினைத்தால் இன்னொரு மாதம் போய்விடும் என்று நின்றபடியே, “அந்தச் சிவப்பை நான்தான் துடைச்சேன்” என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது. அவர் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. முழுசாகக் குடித்துவிட்டு எழுந்து, தன் பழைய சாப்பாட்டுப் பையை எடுத்து, அதன் அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றின ஒன்றை எடுத்துப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். அறுந்த கண்ணி. பூப்பொறுக்கின அன்றைக்கே ரோட்டில் தேடி எடுத்திருக்கிறார். மேலெல்லாம் என் சில்வர் பெயிண்ட், விரிந்த வாய்க்குள் துணி நுழையாத இடத்தில் கடுகளவு சிவப்பு. ஒரு மாதமாக அவருக்குத் தெரியும். தினம் நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு யார்டுக்குப் போய் வந்திருக்கிறார், நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேலே தயிர்சாதம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது வந்தது கோபம். தெரிந்தும் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னை ஒரு மாதம் இப்படி வேக வைத்தீர்களே என்று சத்தம் போட்டேன், தப்பு பண்ணினவள் நான், சத்தமும் நான். அதற்கு அவர், “நீ ஆசையா அடிச்ச பெயிண்டு பிரிஜி. அதுல போய் குத்தம் சொல்லவா” என்றார். அதோடு நிற்கவில்லை, உங்கப்பா வாழ்க்கையிலேயே நீளமாகப் பேசினது நேற்றுத்தான். சிவப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் விரலுக்குத் தெரிந்திருக்கும் என்றார். அவர் செயின் போடுவதற்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளித் தடவிப் பார்ப்பாரே, பெர்னார்ட் அண்ணா ஜெபமாலை சொல்றார் என்று ப்ரஹ்லாத் கிண்டல் பண்ணுவாரே, அதை அன்றைக்கு மட்டும் அவர் சரியாகச் செய்யவில்லையாம். பெயிண்ட் விரலில் ஒட்டிக்கொண்டு வந்ததாம், நான் அடித்தது அழிந்துவிடுமே என்று, போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின கனத்த கையுறை இருக்கிறதே, கவர் கூடப் பிரிக்காமல் வண்டியில் வைத்திருந்தாரே, அதை எடுத்து மாட்டிக்கொண்டாராம். கையுறையோடு தடவினால் என்ன தெரியும். ஆணியில் நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்ததையும் அவர் பார்க்கவில்லையாம், பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்றார். இதைப் படித்துவிட்டு நீ கையுறைக்காக உட்கார்ந்து அழாதே, சொல்லிவிட்டேன். அது நல்ல கையுறை.

அப்புறம்தான் நிஜமான பயத்தைச் சொன்னார். இந்த ஒரு மாதமும் யார்டில் உட்கார்ந்து மீதி நாலு செயினையும் வெறும் கையால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். எல்லாக் கண்ணியிலும் விரிசல் இருக்கிற மாதிரியே தெரிகிறதாம். பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம், மறுபடி தொட்டால் மறுபடி இருக்கிறதாம். நல்லதும் கெட்டதும் விரலுக்குத் தெரியாமல் போனபிறகு எப்படி லோடு கட்டுவது, அடுத்த தடவை பூக்காரர் எழுந்திருக்காவிட்டால் என்ன பண்ணுவது என்றார். வண்டியைக் கொடுப்பது அதற்காகத்தான். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் நானும் யார்டுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பெயிண்ட் அடித்தவள்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

இன்றைக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டோம். ரெண்டு பாட்டில் தின்னர், ஒரு கம்பி பிரஷ். நாலு செயினிலும் நான் அடித்த அத்தனை பெயிண்ட்டையும் நானே எடுத்தேன், அடிக்க ஒரு நாள் ஆனது, எடுக்க மூன்று மணி நேரம், இடுப்பு இன்னும் வலிக்கிறது. துரு நிறத்தில் பழையபடி ஆனதும் வண்டிப் பலகை மேல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செயினை என் மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகத் தடவினேன். எனக்கு என்ன தெரியும், பாதி தூரம் போனதும் ஒரு இடத்தில் மேடாக இருந்தது, இங்கே பாருங்கள் விரிசல் என்றேன். அவர் தொட்டுப் பார்த்து, விரிசல் இல்லை, வெல்டிங் பண்ணின தழும்பு, எல்லாக் கண்ணியிலும் இருக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றைக் காட்டினேன், அது கல்லில் உரசின தடம் என்றார். மூன்றாவது காட்டினேன், அது வெறும் மண், ஊதிவிடு என்றார். பிறகு பொறுமை போய் என் மடியிலிருந்து செயினைப் பிடுங்கிக்கொண்டு, இப்படி இல்லை, இப்படித் தொட வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்குக் காட்டுவதற்காக வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார், நல்லது, நல்லது, நல்லது என்று. தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாவது செயினில், கடைசியிலிருந்து ஏழாவது கண்ணியில், விரல் நின்றது. திருப்பித் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். நான் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இருந்தது ஜூலி. தலைமுடி அளவுக்கு. பெயிண்ட்டுக்குள் ஒரு மாதம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. போன மாதம் தடவினபோது அது இருந்ததா, அன்றைக்கு ஒரே இழுப்பில் வந்ததா, எனக்குத் தெரியாது. அவர் விரலுக்குத் தெரிந்தது, எனக்கு அது போதும்.

அவர் அந்தக் கண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கை இருக்கு” என்றார். நான் முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன், அதில் தின்னர் இருந்ததால் கண் எரிந்தது, அதற்கும் சேர்த்து அழுதேன். அந்த நேரம் பார்த்து ப்ரஹ்லாத் வந்து நின்றார். நாங்கள் ரெண்டு பேரும் மடியில் செயினோடு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணா, இப்போ குடும்ப ஜெபமாலையா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வேண்டாம் ப்ரஹ்லாத், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அப்பா சொன்னார். ப்ரஹ்லாத் கொஞ்சம் ஏமாந்தார் என்றுதான் நினைக்கிறேன், நல்ல வண்டி அல்லவா, ஆனாலும் அறுந்த செயினுக்குப் பதில் செயின் வருகிறவரை என்னிடம் ஒன்று இருக்கிறது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கொண்டு வந்து போட்டார். அதையும் அப்பா தடவிப் பார்த்துத்தான் வாங்கினார். விரிசல் விட்டதை அடையாளம் போடவில்லை, தனி ஆணியில் மாட்டவில்லை, அங்கேயே கட்டரால் அறுத்துக் காயலான் குவியலில் போட்டார்.

அவர் ஒரு கட்டளை போட்டிருக்கிறார். இனிமேல் ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் அவர் தடவின பிறகு நானும் ஒரு தரம் தடவ வேண்டுமாம், நான் சரி என்று சொல்லாமல் வண்டி எடுக்கமாட்டாராம். எனக்கு இன்னும் தழும்புக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன், தெரியாவிட்டால் என்னைக் கேள், கேட்காமல் மட்டும் இருக்காதே என்றார். சனிக்கிழமை காலை ஒரு ரோலர் ஏற்ற வேண்டும், சின்ன லோடுதான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அவருக்கும் இருக்கிறது. அந்த மடிவாளா இறக்கத்தில் அந்தப் பூக்காரரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தொப்பி போடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்குச் சளி இருந்தால் மிளகு ரசம் வைத்துக்கொடு, ரசப்பொடி தீர்ந்திருந்தால் சொல். உன் உத்தியோகத்தில் கெட்டதைக் கண்டால் அன்றே அறுத்துப் போடச் சொல், அடையாளம் வைத்துவிட்டு வராதே, எந்த வீட்டில் எந்த அம்மா தின்னரோடு வருவாள் என்று யாருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீயாக எதையும் கேட்காதே, அப்பாவே சொல்லட்டும், சொல்லும்போது அப்போதுதான் கேட்கிற மாதிரி கேள், உனக்கு நடிப்பு வராது என்று தெரியும், இருந்தாலும் முயற்சி பண்ணு. அந்தோனியாரும் மாதாவும் உங்கள் ரெண்டு பேரையும் கூடவே இருந்து காப்பாற்றட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேரில் இருந்தால் உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்திருப்பேன், இங்கிருந்தே கொடுக்கிறேன், வாங்கிக்கொள்.

இந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் பழுப்பாக விரல் பதிந்திருக்கிறதே என்று டீயோ என்று நினைக்காதே. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், போகமாட்டேன் என்கிறது. துருதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அன்பு அம்மா,
பிரிஜெட்